கிராண்ட் கேன்யனுக்கு ரயிலில் ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வில்லியம்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு ‘கிராண்ட் கேன்யன் ரயில்வே’ என்ற சுற்றுலா ரயில் ஓடுகிறது. தூரம் சுமார் 104 கி.மீ. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அமெரிக்காவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரை அழைத்துக்கொண்டு இதில் போவதுண்டு. இந்தப் பயணத்தில் பள்ளத்தாக்கின் அருகே கிடைப்பது மூன்றே முக்கால் மணி நேரம்தான். அதை எப்படிச் செலவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தைக் காப்பாற்றுவது பற்றியவை.

ரயிலில் உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்க முடியுமா?

முடியாது. டிக்கெட் வாங்கும் முன்பே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ரயில் பைன் மரக்காட்டில் புறப்பட்டு, புல்வெளி, குட்டை மரங்கள் நிறைந்த வறண்ட சமவெளி என்று மாறி மாறிப் போய், கடைசியில் மீண்டும் காட்டுக்குள் நுழைகிறது. நிலையம் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மேட்டின் மறுபுறத்தில் இருக்கிறது. இறங்கி, சாலையைக் கடந்து, எல் டோவார் ஹோட்டல் பக்கம் போகும் படிகளில் ஏறினால் சில நிமிடங்களில் விளிம்பு வந்துவிடும். அதுவரை பள்ளத்தாக்கு இருக்கும் சுவடே தெரியாது.

வழியில் காணத்தக்கது சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள். அவற்றில் உயரமான ஹம்ஃப்ரீஸ் சிகரம் (3,851 மீட்டர்) அரிசோனாவிலேயே மிக உயர்ந்தது. பாதைக்குக் கிழக்கே இருப்பதால், போகும்போது வலப்பக்க ஜன்னலில் தெரியும். மற்றபடி, மேற்குத் தொடர்ச்சி மலை ரயில்களைப் போல் அருவியும் குகைப்பாதையும் வரும் என்று எதிர்பார்த்து ஏறாதீர்கள். இந்தப் பாதையின் அழகு அகன்ற வானமும் வெட்டவெளியும்தான்.

காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாமே, ரயில் எதற்கு?

நியாயமான கேள்வி. வில்லியம்ஸிலிருந்து காரில் 95 கி.மீ., ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரயிலில் இரண்டேகால் மணி நேரம். நான்கு பேர் போனால் கார்தான் மலிவு. இளைஞர்கள் மட்டும் போவதாக இருந்தால், அல்லது சூர்யோதயமும் அஸ்தமனமும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், காரை எடுங்கள்.

ரயில் கைகொடுக்கும் நேரங்களும் உண்டு. கோடை விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் பூங்காவின் தெற்கு நுழைவாயிலில் கார்கள் வெகுநேரம் வரிசையில் நிற்கும். உள்ளே போனாலும் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். ரயிலுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. பனிக்காலத்தில் உறைபனிச் சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு ரயில் நிம்மதி. வழக்கமாக வண்டி ஓட்டுபவரும் அன்று ஒருநாள் ஜன்னலோரம் உட்காரலாம். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு நாங்கள் ரயிலைத்தான் சொல்வோம்.

நேரங்கள் என்ன?

வழக்கமான அட்டவணைப்படி வில்லியம்ஸில் காலை 9.30-க்குப் புறப்பட்டு 11.45-க்குத் தெற்கு விளிம்பு நிலையத்தை அடையும். திரும்பும் ரயில் பிற்பகல் 3.30-க்குப் புறப்பட்டு 5.45-க்கு வில்லியம்ஸ் வந்து சேரும். குளிர்காலத்தில் நேரம் மாறுவதுண்டு, அதனால் டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதையே நம்புங்கள். டிசம்பர் 25 அன்று ரயில் இல்லை.

காலை 8.30-க்கே நிலையத்தில் இருப்பது நல்லது. புறப்படும் முன் நிலையத்தின் பக்கத்தில் கௌபாய் வேடமிட்டவர்கள் துப்பாக்கிச் சண்டை நாடகம் ஒன்றை நடத்துவார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். கார் நிறுத்த நிலையத்திலேயே இடமுண்டு.

வில்லியம்ஸுக்கு எப்படிப் போவது?

ஃபீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து சுமார் 280 கி.மீ., மூன்று மணி நேரம். லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 350 கி.மீ., மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து மேற்கே 50 கி.மீ.தான். நெடுந்தூர ஆம்ட்ராக் ரயிலில் வருபவர்கள் ஃபிளாக்ஸ்டாஃபில் இறங்கிச் சாலை வழியே வர வேண்டும். முன்பு வில்லியம்ஸ் அருகே இருந்த ஆம்ட்ராக் நிறுத்தம் இப்போது இல்லை. அன்று காலையே ஃபீனிக்ஸிலிருந்து ஓட்டி வந்து 9.30 ரயிலைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். முந்தைய இரவு வில்லியம்ஸிலோ ஃபிளாக்ஸ்டாஃபிலோ தங்கிவிடுங்கள்.

நேர மண்டலக் குழப்பம் என்கிறார்களே, அது என்ன?

ரயிலைத் தவறவிடுபவர்களில் பலர் இதில்தான் சிக்குகிறார்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவதில்லை. நெவாடா தள்ளுகிறது. அதனால் கோடையில் லாஸ் வேகாஸும் வில்லியம்ஸும் ஒரே நேரம். நவம்பர் முதல் மார்ச் வரை வில்லியம்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். டிசம்பரில் வேகாஸிலிருந்து அதிகாலை 5.30-க்குப் புறப்பட்டு 9 மணிக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது, வில்லியம்ஸில் மணி 10 ஆகி, ரயில் போயிருக்கும்.

கோடையில் வேறொரு சிக்கல். மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி அரிசோனாவுக்குள் இருந்தாலும் கடிகாரத்தை மாற்றுகிறது. மானுமென்ட் வேலி பார்த்துவிட்டு வருபவர்களின் கைபேசி அந்த எல்லையை ஒட்டி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். நேர மண்டலத்தைத் தானாக மாற்றும் வசதியை அணைத்துவிட்டு, ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் அமைத்துவிடுங்கள்.

எந்த வகுப்பில் டிக்கெட் எடுப்பது?

மலிவானது புல்மன்: பழைய பெட்டி, திறக்கக்கூடிய ஜன்னல், ஏசி கிடையாது, எல்லாக் காலத்திலும் ஓடாது. அடுத்தது கோச்: ஏசி உண்டு, பெரிய ஜன்னல்கள். முதல் வகுப்பில் அகலமான இருக்கையும் காலையில் பழமும் ரொட்டி வகைகளும் மாலையில் சிற்றுண்டியும் கிடைக்கும். அதற்கு மேல் கண்ணாடிக் கூரை போட்ட டோம் பெட்டிகள். இவற்றில் விலையுயர்ந்தது லக்ஷரி டோம், கோச் கட்டணத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் போகும்.

டோம் எடுக்கும் முன் இரண்டு விஷயம். மேல்தளத்துக்குக் குறுகலான, செங்குத்தான படிகளில் ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. சிறு பிள்ளைகளுக்கும் அனுமதி இல்லை, வயது வரம்பு 16. குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கோச்சே போதும். மிச்சமாகும் பணத்தை இன்னோர் இரவு விளிம்பிலேயே தங்கச் செலவிட்டால் பயணத்தின் தரமே மாறிவிடும்.

ரயில் டிக்கெட்டில் பூங்கா நுழைவுக் கட்டணமும் அடங்குமா?

அடங்காது. காரில் போனால் வண்டிக்கு 35 டாலர். ரயிலில் போகிறவர்களுக்குத் தலைக்கு 20 டாலர், 15 வயது வரை இலவசம். அனுமதி ஏழு நாட்களுக்குச் செல்லும். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி (அமெரிக்கக் குடியிருப்பாளர்களுக்கு 80 டாலர்) கையில் இருந்தால் அதையே காட்டலாம். அட்டைக்காரரோடு மேலும் மூன்று பெரியவர்களுக்குப் பொருந்தும்.

பெற்றோரை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் குடியிராத, 16 வயது நிரம்பியவர்களுக்கு 11 முக்கியப் பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் கொண்டுவரப்பட்டது. கிராண்ட் கேன்யன் அவற்றில் ஒன்று. வெளிநாட்டவருக்கான ஆண்டு அனுமதி 250 டாலர். அதே பயணத்தில் சயான், பிரைஸ் கேன்யன் போன்ற மற்ற பூங்காக்களுக்கும் போவதாக இருந்தால் ஆண்டு அனுமதிதான் லாபம். இந்த விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் வாரத்தில் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றே முக்கால் மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் படியேறி, எல் டோவார் முன்னால் நின்று படமெடுத்து, சாப்பாட்டுக் கடை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, நினைவுப்பொருள் வாங்கிவிட்டு மீண்டும் ரயிலேறிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் வந்ததற்கு இது போதாது. நடக்கக்கூடியவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி இது.

இறங்கியதும் நிலையத்தின் முன்னாலேயே பூங்காவின் இலவச நீலத் தடப் பேருந்தில் ஏறி, பார்வையாளர் மையத்துக்குப் போங்கள். பேருந்து விளிம்போரக் குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு போவதால் காத்திருப்பையும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் மாத்தர் பாயின்ட். முதல் பார்வை இங்கே கிடைக்கட்டும். முகப்புக் காட்சிகளில் இதுவே மிக விரிந்தது. கட்டிக்கொண்டு போன சாப்பாட்டையும் இங்கேயே முடித்துவிடலாம்.

ஒரு மணிவாக்கில் கிளம்பி, விளிம்புப் பாதையில் மேற்கே நடந்தால் 1.1 கி.மீ.யில் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகம். 1928-இல் கட்டிய சிறு கல் கட்டடம். நிலவியலாளர்கள் பள்ளத்தாக்கின் அமைப்பை விளக்கத் தோதான இடம் என்று தேடித் தேர்ந்தெடுத்தது. உள்ளே பெரிய ஜன்னல்களின் வழியே பாறை அடுக்குகளைப் பெயரோடு பொருத்திப் பார்க்கலாம். தெளிவான நாளில் அடியில் கொலராடோ ஆற்றின் ஒரு துண்டும் தெரியும். இருபது நிமிடம் இங்கே ஒதுக்குங்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து நிலையத்தை நோக்கிய 2.1 கி.மீ. நடைபாதைக்கு ‘ட்ரெயில் ஆஃப் டைம்’ என்று பெயர். தரையில் மீட்டருக்கு ஒன்றாக வெண்கல வில்லைகள் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டுகள் பின்னால் போனதாகக் கணக்கு. பள்ளத்தாக்கின் வெவ்வேறு ஆழங்களிலிருந்து எடுத்து வந்த பாறைகளை அந்தந்த வயதுக்குரிய இடத்தில் பாதையோரமாக வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், பளபளப்பாக்கிய ஒரு பக்கமும் சொரசொரப்பாக விட்ட மறுபக்கமுமாக இருக்கும். பாதை தார் போட்டது, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நின்று நின்று வந்தாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் வெர்கம்ப்ஸ் என்ற பழைய கடைக் கட்டடத்தருகே முடியும். பக்கத்தில் 1905-இல் மேரி கோல்டர் வடிவமைத்த ஹோப்பி ஹவுஸ், அதற்கடுத்து எல் டோவார், அதன் கீழே உங்கள் ரயில். 3 மணிக்குள் வந்துவிடலாம்.

இந்தத் திட்டம் பேருந்தை நம்பியது. 12.15 ஆகியும் ஏற முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். படியேறி, விளிம்புப் பாதையில் யாவபாய் வரை நடந்து அதே வழியே திரும்புங்கள். மாத்தர் பாயின்ட் மட்டும்தான் விட்டுப்போகும்.

விளிம்பை ஒட்டி மேற்கே செல்லும் ஹெர்மிட் ரோடு வழியாகப் போகும் சிவப்புத் தடப் பேருந்து?

மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை ஓடும். எங்கும் இறங்காமல் போய்வரவே 80 நிமிடம் ஆகும், ஏறும் இடத்தில் வரிசையும் நிற்கும். ஆற்றை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஹோப்பி பாயின்ட் என்ற காட்சிமுனை வரை மட்டும் போய்த் திரும்பலாம். அப்படியானால் முந்தைய பதிலில் உள்ள நடையை விட்டுவிட வேண்டும். ஒரே நாளில் இரண்டும் நடக்காது.

அடுக்கடுக்காகத் தெரியும் பாறைகளில் எதைக் கவனிப்பது?

நீங்கள் நிற்கும் தரையே கைபாப் சுண்ணாம்புக்கல், வயது சுமார் 27 கோடி ஆண்டுகள். பழைய கடலின் அடித்தளம் அது. உற்றுப் பார்த்தால் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் தென்படும். சற்றுக் கீழே வெளிறிய பட்டையாக ஓடும் செங்குத்துச் சுவர் கொகொனினோ மணற்கல், ஒருகாலத்தில் பாலைவன மணல்மேடு. நடுவில் உயரமாக நிற்கும் சிவந்த சுவருக்கு ரெட்வால் என்று பெயர், ஆனால் அந்தக் கல்லின் உண்மையான நிறம் சாம்பல். மேலடுக்குகளிலிருந்து மழைநீர் கொண்டுவரும் இரும்புத் துரு வழிந்து வழிந்து அதன் முகத்தைச் சிவப்பாக்கியிருக்கிறது. பாறை உடைந்து விழுந்த இடங்களில் உள்ளே சாம்பல் நிறம் தெரியும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றை ஒட்டிய கரிய பாறைகள் விஷ்ணு சிஸ்ட், சுமார் 170 கோடி ஆண்டுகள் பழமையானவை. பல இடங்களில் அவற்றுக்கும் நேர் மேலே படிந்த அடுக்குக்கும் இடையே நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறைப் பதிவு அரிப்பில் காணாமல் போயிருக்கிறது. பாறைகள் இவ்வளவு பழையவை என்றாலும் பள்ளம் இளையது: கொலராடோ ஆறு இதைப் பெரும்பாலும் கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில்தான் வெட்டியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் பார்க்கலாமா?

ரயிலில் வந்த நாளில் வேண்டாம். பிரைட் ஏஞ்சல் பாதையில் முதல் ஓய்விடம் வரை போய்வர 5 கி.மீ.தான் என்றாலும் 340 மீட்டர் இறங்கி ஏற வேண்டும். இறங்க ஆன நேரத்தைப் போல் இருமடங்கு ஏறுவதற்கு ஆகும். ஆசையாக இருந்தால் இருபது நிமிடம் மட்டும் இறங்கி, கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். கோடையில் கீழே போகப் போக வெப்பம் கூடும். மலையேற்றத்துக்கு நேர்மாறாக, களைத்த பிறகுதான் ஏற்றம் வரும். ஆபத்து அங்கேதான்.

அதிகம் நடக்க முடியாத பெரியவர்களுக்கு?

ரயில் டிக்கெட்டோடு வழிகாட்டியுடன் கூடிய பேருந்துச் சுற்றையும் சேர்த்து வாங்கலாம். சில காட்சிமுனைகளில் நிறுத்திக் காட்டி, நிலையத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். பூங்காவின் இலவசப் பேருந்துகளில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் உண்டு; பார்வையாளர் மையத்தில் சக்கர நாற்காலி இரவல் கிடைக்கும், தீர்ந்து போவதும் உண்டு. ரயிலில் ஏற உதவி தேவைப்பட்டால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள்.

உயரத்தையும் மனதில் வையுங்கள். விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஊட்டிக்குச் சமமாக இருக்கிறது. ஆனால் ஊட்டியின் ஈரக்காற்று இல்லை. உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் நிலையத்துப் படிகளை மெதுவாக ஏறட்டும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ரயிலில் நொறுக்குத் தீனிதான். நிலையத்துக்கு அருகில் மாஸ்விக் விடுதியின் உணவுக்கூடத்தில் பீட்சா போன்றவை கிடைக்கும், ஆனால் ரயில் வந்ததும் அங்கே கூட்டம் குவியும். அமெரிக்கத் தென்மேற்கில் வேகவைத்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பு சேர்த்துச் சமைக்கும் பழக்கம் உண்டு, ‘வெறும் பீன்ஸ்தானே’ என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடுவதே எங்கள் பரிந்துரை. முந்தைய நாள் வாங்கிக்கொள்ள ஃபிளாக்ஸ்டாஃபில் இந்திய உணவகங்கள் உண்டு.

சாப்பிடும்போது அணில்கள் மடிவரை வரும். ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். பூங்காவில் அடிக்கடி நேரும் காயங்களில் அணில்கடி ஒன்று, நோயும் பரப்பும். எல்க் மான்களிடமிருந்து 30 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள்ளிருந்து தண்ணீர் கொண்டுவரும் பழைய குழாய் அடிக்கடி உடைவதால் சில நேரங்களில் தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும். பூங்காவின் அறிவிப்புகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எந்த மாதம் நல்லது? என்ன உடை?

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். ஜூலையில் விளிம்பில் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸ், இரவில் 12. ஜனவரியில் பகலில் 5, இரவில் உறைநிலைக்குக் கீழே 8. குளிர்காலத்தில் நடைபாதையில் பனி இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கும்; ஷூவுக்கு மேல் மாட்டும் ஆணிப்பட்டை அவசியம். புடவையோடு வரும் அம்மாக்களுக்கும் காலில் ஷூ வேண்டும்.

ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வரும், சரியாக நீங்கள் விளிம்பில் இருக்கும் நேரம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் தடுப்புக் கம்பியை விட்டு விலகிக் கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போய்விடுங்கள்.

திரும்பும் வழியில் ரயிலைக் கொள்ளையடிப்பார்களாமே?

நாடகம்தான். குதிரையில் வந்து ரயிலை நிறுத்தி, முகமூடியோடு பெட்டிக்குள் ஏறுவார்கள். வெடிச்சத்தமும் இருக்கும். சிறு குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் காலையிலேயே சொல்லிவையுங்கள். பெட்டியில் கிட்டார் வாசிப்பவர்கள், உதவியாளர்கள், இந்தக் ‘கொள்ளையர்கள்’ எல்லோருக்கும் அன்பளிப்பு தருவது அங்கே வழக்கம். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கொஞ்சம் வைத்திருங்கள்.

நீராவி எஞ்சின் எப்போது ஓடும்?

தினமும் ஓடுவது டீசல். கோடைப் பருவத்தில், குறிப்பிட்ட சில சனிக்கிழமைகளில் மட்டும் நீராவி எஞ்சின் பூட்டுகிறார்கள். சமையலில் பயன்படுத்திக் கழித்த தாவர எண்ணெய்தான் அதற்கு எரிபொருள். தேதிகள் முன்கூட்டியே வெளியாகும். இந்தப் பாதையில் முதல் பயணிகள் ரயில் வந்தது 1901 செப்டம்பர் 17. கார்கள் பெருகியதால் 1968-இல் பயணிகள் சேவை நின்றது. 1989-இல், அதே செப்டம்பர் 17 அன்று, மீண்டும் தொடங்கியது. விளிம்பு நிலையம் 1910-இல் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது, அவசரத்திலும் நின்று ஒருமுறை பார்க்கத் தகுந்தது.

சூரிய அஸ்தமனம் பார்க்க வழி உண்டா?

ஒரே நாளில் திரும்பினால் இல்லை. உச்சி வெயிலில் நிழல்கள் சுருங்கி, பாறைகளின் ஆழம் படத்தில் தட்டையாகத் தெரியும். ஒரு இரவு விளிம்பில் தங்கி மறுநாள் பிற்பகல் ரயிலில் திரும்பும்படி டிக்கெட் எடுக்கலாம். மாஸ்விக், பிரைட் ஏஞ்சல், எல் டோவார் ஆகிய மூன்று விடுதிகளும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும், ஆகவே அறையை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு ரயில் டிக்கெட்டை எடுங்கள்.

3.30 ரயிலைத் தவறவிட்டால்?

அன்றைக்கு வேறு ரயில் கிடையாது, யாருக்காகவும் நிறுத்திவைக்கவும் மாட்டார்கள். வில்லியம்ஸுக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டியிருக்கும், 95 கி.மீ.க்கு நல்ல தொகை ஆகும். நண்பர்கள் பிரிந்து போவதாக இருந்தால் ‘3 மணிக்கு நிலையத்தில்’ என்று பேசிக்கொள்ளுங்கள். விளிம்பில் பல இடங்களில் கைபேசி எடுக்காது. 2.30-க்குப் பிறகு பேருந்தை நம்பாமல், நடந்தே நிலையத்தை அடையும் தூரத்துக்குள் இருங்கள். ரயிலின் பெட்டி எண்ணைக் காலையிலேயே படமெடுத்து வைத்துக்கொண்டால் மாலையில் பெட்டி தேடி ஓட வேண்டியிருக்காது.